மணி அடித்தால் வரும் மாமியார்

என் அக்காவை யாரும் வேலை ஏவ முடியாது. அவள் வேலைக்கு அஞ்சுகிறவள் இல்லை. விடிந்தது முதல் பொழுது அடைகிற வரைக்கும் எதையாவது இழுத்துப் போட்டுக்கொண்டு செய்துகொண்டேதான் இருப்பாள். ஆனால் ‘இதைச் செய்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அது நடக்காது. சின்ன வயதில் நான் தண்ணீர் கேட்டால், "ஏன், உனக்குக் கை இல்லையா?" என்பாள். கேட்காமல் உட்கார்ந்திருந்தால் டம்ளர் தானாக வந்து சேரும், கூடவே ஒரு திட்டும் வரும். அப்படிப்பட்டவள் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு பெரிய வீட்டில், மணி அடித்தால் ஓடி வருகிற வேலைக்காரியாக வேஷம் போட்டாள். எஜமானி வேஷம் போட்டது அவளுடைய சொந்த மருமகள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பழைய பண்ணை வீடும், ஒரு நீலப் பட்டு உடையும்தான்.

வீடு ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய கல் கட்டடம். சமையலறை அடுப்புக்குள் ஓர் ஆள் நின்று குளிர் காயலாம், அவ்வளவு பெரிது. வீட்டின் பின்பக்கம் தோட்டம். அதைச் சுற்றி நாலு பக்கமும் இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்கல் சுவர். உள்ளே போக ஒரே ஒரு பச்சைக் கதவு, அதுவும் குட்டைக் கதவு. குனிந்துதான் போக வேண்டும். குனியாதவர்கள் நெற்றியைத் தடவிக்கொண்டு திரும்பி வருவதை நான் தினமும் பார்க்கிறேன். வாரிசு இல்லாமல் போன அந்த வீட்டை ஓர் அறக்கட்டளை வாங்கி, ஓடு மாற்றி, ஒழுகலை அடைத்து, பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டது. வாசலில் டிக்கெட் கிழிப்பது நான். கூட்டத்தை உள்ளே அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டுவதும் நான். கழிப்பறை எங்கே என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் கையைக் காட்டுவதும் நான்தான். அம்புக்குறி போட்டுப் பலகை வைத்திருக்கிறது, ஆனால் அதைப் படிக்க இந்த உலகத்தில் யாருக்கு நேரம்?

அக்கா அங்கே எனக்கு முன்பே சேர்ந்தவள். அத்தான் பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா அழுது முடித்த கையோடு பண்ணை வீட்டில் தரை துடைக்கிற வேலைக்குப் போனாள். அப்போது அந்தத் தோட்டம் முழுக்க முள் மண்டிக் கிடந்தது. தோட்டத்தைத் தொடு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தொட்டிருக்க மாட்டாள். ஜன்னல் துடைக்கும்போதெல்லாம் அந்த முட்புதர் கண்ணில் பட்டு அவளுக்கு வயிறு எரிந்திருக்கிறது. ஒரு நாள் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வெட்டிக்கொண்டே போனவள், தெற்கு பார்த்த சுவரில் படர்ந்திருந்த கொடியை இழுத்தபோது, அடியில் ஒரு பேரிக்காய் மரம் இருந்தது. அந்தக் காலத்தில் யாரோ அதன் கிளைகளைச் சுவரோடு சேர்த்து இரண்டு பக்கமும் விரித்துக் கட்டி வளர்த்திருக்கிறார்கள். செங்கல் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், குளிர்ந்த நாளிலும் சுவரில் கை வைத்தால் இளஞ்சூடு இருக்கும், அந்தச் சூட்டில் பழம் சீக்கிரம் பழுக்கும். கட்டு அறுந்து தொங்கிக்கொண்டிருந்த கிளைகளை அக்கா மறுபடி தூக்கிக் கட்டினாள். கட்டுவதற்கு அத்தானின் பழைய சட்டைகளைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என்னடா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு நிக்கறே? பெட்டியில பூச்சி அரிக்கறதுக்கு இங்க உபயோகமா இருக்கட்டுமே" என்றாள்.

அதன் பிறகு பீன்ஸ், முட்டைக்கோஸ், காரட், வெங்காயம் என்று பாத்தி பாத்தியாகப் போட்டாள். செடிகளையும் திட்டித்தான் வளர்ப்பாள். "இவ்வளவு தண்ணியக் குடிச்சிட்டு இன்னும் மொளைக்கலையா? வெக்கமா இல்ல?" என்று ஒரு நாள் காரட் பாத்தியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரமே முளைத்துவிட்டது. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மகன் வளர்ந்து டிராக்டர் மெக்கானிக் ஆனான். ரொட்டிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தான். ஊதினால் பறக்கிற உடம்பு, அதிர்ந்து பேசாத வாய். அவளுக்கு அக்காவைக் கண்டால் உதறல். அக்கா ஓர் அறைக்குள் வந்தால் இவள் எழுந்து நின்றுவிடுவாள். "ஒக்காரு, நான் என்ன போலீஸா?" என்று அக்கா அதட்டுவாள். அந்த அதட்டலில் இன்னும் விறைப்பாக நிற்பாள். உப்பு கூட, உறைப்பு கம்மி, துணி காயவில்லை, ஜன்னலைச் சாத்தவில்லை என்று அக்காவுக்கு நாள் முழுக்க விஷயம் கிடைத்துக்கொண்டே இருந்தது. மருமகள் எல்லாவற்றுக்கும் "சரிங்க அத்தை" என்பாள். ஆனால் மறுநாளும் ஜன்னல் திறந்துதான் இருக்கும். அவளும் லேசுப்பட்டவள் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் அறக்கட்டளைக்குப் புதிதாக ஒரு மேலாளர் அம்மா வந்தார். சின்ன வயது, நடக்கவே தெரியாது, எல்லா இடத்துக்கும் ஓட்டம்தான். "காலி நாற்காலியப் பாக்க யாருங்க காசு குடுத்து வருவாங்க? அறைக்கு ஒரு ஆள் வேணும். அந்தக் காலத்து வீடு எப்படி நடந்துச்சோ அப்படியே நடத்திக் காட்டணும்" என்றார். உடைகள் தைத்து வரவழைத்தார். எனக்குக் குதிரைக்காரன் வேஷம் என்று முடிவானது. குதிரைக்கு அதில் உடன்பாடு இல்லை. என் தோளைக் கடித்துவிட்டது. நான் டிக்கெட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன்.

எஜமானியம்மாவுக்கு என்று வந்த நீலப் பட்டு உடையை முதலில் போட்டுப் பார்த்தது அக்காதான். வயசு, தோரணை, குரல் எல்லாம் அவளுக்குத்தானே பொருந்தும்? முதுகில் வரிசையாகக் கொக்கிகள். மேலாளர் அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கொக்கி மாட்டியது. அவள் மூச்சை விட்டாள். கொக்கிகள் பட் பட்டென்று தெறித்து, ஒன்று என் கன்னத்தில் அடித்தது.

"தையக்காரன் குடிச்சிட்டுத் தெச்சிருக்கான்" என்றாள் அக்கா.

அந்த உடைக்குள் பொருந்தக்கூடிய ஒரே ஆள், ரொட்டிக் கடை மூடியதால் வேலை தேடிக்கொண்டிருந்த மருமகள். அக்காவுக்கு மிஞ்சியது தொளதொளவென்ற சாம்பல் நிற அங்கி, வெள்ளை ஏப்ரன், தலைக்கு ஒரு தொப்பி. மறுபேச்சில்லாமல் அதை வாங்கிக்கொண்டாள். தோட்டத்தை அவளிடமிருந்து பிடுங்கி வேறு வேலைக்காரியிடம் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் வரிசையாக மணிகள் தொங்கும். ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு கம்பி சுவருக்குள்ளேயே ஓடி ஓர் அறைக்குப் போகும். அங்கே கயிற்றை இழுத்தால் இங்கே மணி ஆடும். மாடியில், தோட்டத்தைப் பார்த்த ஜன்னல் அறையில் எஜமானியம்மா உட்கார்ந்திருப்பாள். கூட்டம் உள்ளே வந்ததும் கயிற்றை இழுப்பாள். வேலைக்காரி அன்று தோட்டத்தில் பறித்த காய்களைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு மேலே வருவாள். அம்மா கூடையைப் பார்த்து, மத்தியானத்துக்கு என்ன சமைப்பது என்று உத்தரவு போடுவாள். பேச்சை அவர்களே இட்டுக்கட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனைதான்: உடை மேலே இருக்கிற வரைக்கும் வேஷத்தை விடக்கூடாது. கூரையே இடிந்து விழுந்தாலும் அம்மா அம்மாதான், வேலைக்காரி வேலைக்காரிதான். மேலாளர் அம்மா இதில் கறார்.

முதல் நாள் நான் கூட்டத்தோடு மாடியில் நின்றேன். மருமகள் கயிற்றைத் தொட்டாள், கையை எடுத்தாள், மறுபடி தொட்டாள். அவள் இழுத்த இழுப்புக்கு ஈ கூடப் பறந்திருக்காது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழு இழுத்தாள். கீழே மணி அலறியது. படிக்கட்டில் தொம் தொம்மென்று காலடிச் சத்தம் ஏறி வந்தது. அக்கா கூடையோடு வாசலில் வந்து நின்றாள். மருமகள் பழக்க தோஷத்தில் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"எஜமானி எதுக்குங்க வேலைக்காரியப் பாத்து எந்திரிக்கறாங்க?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார்.

"அந்தக் காலத்துல அப்படி ஒரு மரியாதை" என்று நான் பூசி மெழுகினேன்.

மருமகளுக்கு மாமியாரை ‘நீ’ என்று கூப்பிட நாக்கு எழவில்லை. "காரட்... எடுத்து... வந்தாச்சா?" என்று யாரையும் குறிக்காமல் பேசி ஒரு வாரம் ஓட்டினாள். ஆனால் நாளாக நாளாக அந்த நாற்காலி அவளுக்குப் பழகிவிட்டது. மூன்றாவது வாரத்தில், "இவ்வளவு நேரமா மணி அடிக்கறேன், என்ன பண்ணிட்டிருந்தே?" என்று கேட்டுவிட்டாள். அக்கா கூடையை இறக்கி வைத்து, தலையைக் குனிந்து, "மன்னிச்சிடுங்கம்மா. இந்த வீட்டுல ஜன்னல் எல்லாம் தொறந்தே கெடக்குது, சாத்திட்டு வர நேரமாயிடுச்சு" என்றாள். மருமகள் சிரிப்பை அடக்க விசிறியால் முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டம் கை தட்டியது.

அன்றிலிருந்து இரண்டு பேரும் பின்னி எடுத்தார்கள். மேலே அம்மா சூப்பில் உப்பு கூட என்பாள், வேலைக்காரி "நாக்குல கோளாறு இருந்தா வைத்தியரத்தான் பாக்கணும்மா" என்பாள். வீட்டில் சொல்ல முடியாததை எல்லாம் மருமகள் அங்கே சொல்லிக்கொண்டாள். வீட்டில் கேட்டுக்கொள்ளாததை எல்லாம் அக்கா அங்கே கேட்டுக்கொண்டாள். ஐந்து மணிக்கு உடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்து போவார்கள். வேலியைத் தாண்டுவதற்குள் அக்கா திட்ட ஆரம்பித்துவிடுவாள்.

ஒரு தடவை மட்டும் அந்த எல்லை குழம்பிவிட்டது. வீட்டில் சாப்பிடும்போது மருமகள் ஏதோ நினைப்பில், "ரொட்டி கொண்டா" என்று சொல்லிவிட்டாள். அக்காவும் அதே நினைப்பில், "இதோ வந்துட்டேங்கம்மா" என்று எழுந்துவிட்டாள். அக்கா மகன் வாயில் வைத்த கரண்டியோடு சிலையாகிவிட்டான். நான் புரையேறி இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, வெளியே போய் நின்றுகொண்டேன். உள்ளே அக்கா ரொட்டியை மேஜையில் வைக்கும் சத்தம் தொம்மென்று கேட்டது.

அந்தக் குளிர்காலம் மருமகள் காய்ச்சலில் படுத்தாள். நான் பார்க்கப் போனபோது அக்கா அவள் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மருமகள் லேசாக இருமினாள். அக்கா சூப்புக் கிண்ணத்தோடு எழுந்தாள்.

"நான் கூப்பிடவே இல்லையே அத்தை" என்றாள் மருமகள்.

"நீ எப்ப இருமுவேன்னு பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். எனக்கு வேற வேலை என்ன இருக்கு?" என்று அக்கா எரிந்து விழுந்தாள்.

வசந்தம் வந்து, வீடு மறுபடி திறந்து, பேரி மரம் பூத்திருந்த சமயத்தில் அக்கா மகன் டிக்கெட் அறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். பட்டணத்தில் பஸ் பணிமனையில் வேலை கிடைத்திருக்கிறது, குடியிருக்க வீடும் தருகிறார்கள் என்றான். நல்ல விஷயம்தான். ஆனால் சொல்லும்போது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்றேன்.

"நீங்க சொல்லுங்களேன் மாமா."

"நான் ஏன்டா சொல்லணும்? என்னைக் குதிரை கடிச்சது பத்தாதா?"

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று அவன் தள்ளிப்போட்டான். இதற்குள், மருமகள் வேலையை விடுவதாகச் சொல்லக் கேட்டிருந்த மேலாளர் அம்மா சமையலறைப் பக்கம் ஓடிவந்தவர், ஓடுகிற ஓட்டத்தில், "உங்க மருமகளுக்குப் பதிலா வேற ஆள் பாக்கணுமேம்மா, ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்காவுக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான். மகனும் மருமகளும் வீட்டைக் காலி செய்துகொண்டு போகப் போகிறார்கள் என்பது வெளி ஆள் வாய் வழியாக அவள் காதில் விழுந்தது.

அன்று முதல் அக்கா திட்டுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் பயங்கரம். உப்பைப் பற்றிப் பேச்சில்லை. ஜன்னல் ஆவென்று திறந்து கிடந்தது, அவள் கண்டுகொள்ளவில்லை. "சாப்பிடறியாம்மா?" என்று மருமகளிடம் மரியாதையாகக் கேட்டாள். அந்த வீட்டில் என்னாலேயே உட்கார முடியவில்லை.

மருமகள் என்னிடம் வந்தாள். "அத்தைக்கு விஷயம் தெரிஞ்சிடுச்சு சித்தப்பா. சந்தோஷம்தான் போல. போற வரைக்கும் நல்லபடியா வெச்சுக்கலாம்னு இருக்காங்க. கூட வாங்கன்னு கேக்கலாம்னு இருந்தேன். இப்ப எப்படிக் கேக்கறது? என்னை விட்டாப் போதும்னு நெனைக்கறவங்கள?" என்று மூக்கை உறிஞ்சினாள்.

நான் அக்காவிடம் ஓடினேன். பச்சைக் கதவில் இடித்துக்கொண்டு உள்ளே போய், நெற்றியைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தேன். அக்கா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"இத்தன வருஷம் ஒரே கூரைக்குக் கீழ இருந்திருக்கோம். ஒரு வார்த்தை சொல்லத் தோணல பாரு அவளுக்கு. நான் என்ன அவ்வளவு வேண்டாதவளாயிட்டேனா?" என்றாள். "நீ வாயத் தொறக்காதே. ஏதாவது போய்ச் சொன்னே, அப்புறம் எனக்குத் தம்பியே இல்ல."

களைக்கொத்தை மண்ணில் ஓங்கிக் கொத்தினாள். தனியாக இருக்கப் போகிறோம் என்பது அவளுக்குப் பெரிதில்லை, தனியாக இருந்து பழகியவள்தான். வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் அவளைத் தின்றது. ‘கூட வா’ என்று கேட்க ஒருத்தி அங்கே தவித்துக்கொண்டிருக்கிறாள், கேட்க மாட்டாளா என்று ஒருத்தி இங்கே வெந்துகொண்டிருக்கிறாள், நடுவில் நான். இரண்டு பேர் தலையையும் பிடித்து முட்டவிடலாமா என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்த சனிக்கிழமை நல்ல கூட்டம். ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். நான் அவர்களை மாடிக்கு அழைத்துப் போனேன். மருமகள் நீலப் பட்டில் உட்கார்ந்திருந்தாள், கண் வீங்கியிருந்தது. கயிற்றை இழுத்தாள். படிக்கட்டில் காலடிச் சத்தம் மெதுவாக ஏறி வந்தது.

அக்கா கூடையை மேஜையில் வைத்தாள். முள்ளங்கி, இளம் வெங்காயம், கொஞ்சம் கீரை.

"இன்னைக்கு என்ன சமைக்கட்டுங்கம்மா?"

"எதுவானாலும் சரி" என்றாள் மருமகள். வேஷத்தில் இப்படி அவள் பேசியதே இல்லை.

அக்கா நகரவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். வேஷம் மாறாத அதே குரலில், "அம்மா பட்டணத்துக்குக் குடி போறதாக் கேள்விப்பட்டேனுங்க" என்றாள்.

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வாசலில் மேலாளர் அம்மா வேறு வந்து நிற்கிறார்.

"ஆமா" என்றாள்.

"ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சப்புறம் கடைசியா வேலைக்காரிக்குத் தெரிஞ்சுது. பரவாயில்லீங்க. வேலைக்காரிதானே."

"நானே சொல்லணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தினமும் கயித்தப் புடிக்கறப்போ இன்னைக்குச் சொல்லிடணும்னு நெனைப்பேன்."

"சரிங்க. அங்க புது வீட்டுக்கு வேலைக்கு ஆள் பாத்தாச்சுங்களா?"

மருமகள் கொஞ்சம் யோசித்தாள். "மனசுக்குள்ள பாத்து வெச்சிருக்கேன்" என்றாள்.

அக்காவின் முகம் சுருங்கியது. "யாருங்க?"

"வாய் ரொம்ப நீளம். சொன்ன பேச்சு கேக்காது. நான் எதைச் செஞ்சாலும் அதுல ஒரு குத்தம் கண்டுபுடிக்கும்." மருமகளுக்குக் குரல் தடுமாற ஆரம்பித்தது. "ஆனா எனக்குக் காய்ச்சல் வந்தா ராத்திரி பகல் பாக்காம பக்கத்துல ஒக்காந்திருக்கும். அது திட்டலேன்னா எனக்குச் சாப்பாடு எறங்காது. ஒரு வாரமா எறங்கல."

"நடிப்பு பிரமாதம்" என்று பின்னால் ஒருத்தர் கிசுகிசுத்தார். நான் திரும்பி முறைத்தேன்.

அக்கா கூடையில் இருந்த முள்ளங்கியை எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி கூடையில் வைத்தாள். "அப்படிப்பட்டவ வருவாளாங்கம்மா?"

"தெரியல. கேக்க பயமா இருக்கு."

அப்போது அக்கா செய்தது அந்த வீட்டு விதிகளுக்கே அடுக்காதது. எதிரில் இருந்த நாற்காலியை இழுத்து, எஜமானியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல ஒழுங்காக் கேளு" என்றாள். இது வேலைக்காரியின் குரல் இல்லை, வீட்டுக் குரல்.

"அத்தை" என்றாள் மருமகள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "எங்ககூட வந்துடுங்க அத்தை."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எஜமானிக்கு வேலைக்காரி எப்படி அத்தை ஆனாள் என்று ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். நான் பூசி மெழுகுகிற நிலைமையில் இல்லை, என் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது. மேலாளர் அம்மா ஒரு அடி எடுத்து வைத்தார், ஆனால் உள்ளே வராமல் நின்றுவிட்டார்.

அக்கா ஏப்ரன் நுனியால் மருமகளின் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பாத்திரம் துடைக்கிற துடைப்புதான்.

"வரமாட்டேன்" என்றாள்.

மருமகள் திகைத்துப் போய்ப் பார்த்தாள்.

"என்ன பாக்கறே? நான் எங்க வர்றது? அந்த பஸ் ஷெட்டுக்குப் பின்னால ஒக்காந்து நான் என்ன பண்ணுவேன்? பேரி மரம் இப்பத்தான் ஒழுங்கா ரெண்டு பக்கமும் கை நீட்டிப் படர ஆரம்பிச்சிருக்கு. அத யார்கிட்ட விட்டுட்டு வரச் சொல்றே? இவன்கிட்டயா?" என்று என்னைக் காட்டினாள். "கேக்கணும்ல. அதுக்குத்தான் இத்தன நாளா காத்திருந்தேன். கேட்டுட்டே, என் வயிறு குளுந்துடுச்சு. நீங்க ரெண்டு பேரும் சின்னவங்க, போய்ப் பொழைங்க. வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸ புடிச்சு இங்க வந்துடணும். சனி ஞாயிறு இங்கதான். கூட்டமும் அன்னைக்குத்தான் வருது."

பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் வைத்து, கூடையைத் தூக்கினாள். "முள்ளங்கியே வெச்சிடறேங்கம்மா" என்று வேஷக் குரலில் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். கூட்டம் கை தட்டிய தட்டில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வேஷத்தை நடுவில் விட்டதற்கு மேலாளர் அம்மா யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, இதை வாரா வாரம் இதே மாதிரி நடத்த முடியுமா என்று மட்டும் ஆசையோடு கேட்டார். நான் கும்பிடு போட்டேன்.

வார நாட்களுக்கு வேறு எஜமானி தேடும் பேச்சு மட்டும் கொஞ்ச நாள் நடந்தது. இரண்டு மூன்று பெண்கள் வந்து நீல உடையைப் போட்டுப் பார்த்தார்கள், நன்றாகவே பொருந்தியது. ஒருத்தி ஜன்னல் அறையில் போய் உட்கார்ந்து கயிற்றை இழுத்தும் பார்த்தாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மேலாளர் அம்மா சமையலறைக்கு ஓடினார். அக்கா அங்கே நிதானமாக உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாளாம்.

"கண்டவங்க மணி அடிச்சா நான் வரமாட்டேங்க" என்றாளாம்.

அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை அந்த நாற்காலி காலியாகவே இருக்கும் என்று ஏற்பாடானது.

அவர்கள் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. சின்ன லாரியில் கட்டில், மேஜை, மூட்டைகள் ஏறின. அக்கா வாசலுக்கு வரவில்லை, தோட்டத்தில் இருந்தாள். மருமகள் தேடிக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன், இந்தத் தடவை குனிந்துகொண்டு. அக்கா ஒரு சாக்கு நிறையக் காய் கட்டி வைத்திருந்தாள். அதை மருமகளின் கையில் திணித்து, வெங்காயத்தைக் காற்றோட்டமாக வை, ஜன்னலைச் சாத்து, அவன் அழுக்குச் சட்டையை ஊற வைக்காமல் துவைக்காதே என்று மூச்சு விடாமல் அடுக்கினாள். ஒரு மாதத்துக்குச் சேர்த்துத் திட்டித் தீர்த்தாள். மருமகள் எல்லாவற்றுக்கும் "சரிங்க அத்தை" என்றாள்.

"தனியா இருந்துடுவீங்களா அத்தை?"

"அஞ்சு நாள் நிம்மதியா இருப்பேன். ஏறு லாரியில. நேரமாவுது."

லாரி கிளம்பியது. நான் டிக்கெட் அறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். பின்னாலேயே அக்கா மண் அப்பிய கையோடு வந்து, கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். சாலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி சாலையைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை பஸ் எத்தன மணிக்குடா வரும்?" என்றாள்.

லாரி இன்னும் வளைவைக்கூடத் தாண்டவில்லை.